அனுமதி கொடுக்கவும்

இல்லண்ணே, அப்டேட் போட்டுத் தரச் சொல்லல. இது நெஜமான அப்டேட்டா, இல்ல வேற ஏதாச்சுமான்னு பாத்துச் சொல்லுங்க, அது போதும். இந்தாங்க. போனைத் தொறந்ததுமே வந்து நிக்குது பாருங்க. சிஸ்டம் அப்டேட், அனுமதி கொடுக்கவும்னு. அப்புறம்னு அமுக்குனா போயிடும், கொஞ்ச நேரத்துல மறுபடி வந்துடும். ஒரே ரோதனை.

வீடா? கைலாசபுரம் குவார்ட்டர்ஸ். வீட்டுக்காரர் பேக்டரியில இருக்கார், பாலமுரளின்னு. நான் தில்லைநகர்ல ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கேன். அவரும் நானும் மாமியாரும்தான் வீட்டுல. அங்க போன் கடை இல்லையான்னா, இருக்குண்ணே. எல்லாக் கடைக்காரங்களும் அவருக்குப் பழக்கம். இந்த சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நான் யாரோ, நீங்க யாரோ.

செட்டிங்ஸ்லயா பாக்கணும்? ஓ, போன் கம்பெனி அனுப்புனா இங்கதான் காட்டுமா. என்ன போட்டிருக்கு? புதுசா எதுவும் வரலன்னா போட்டிருக்கு? அப்ப வெளிய வந்து நிக்கிறது?

ம். வேற ஏதோ ஆப்பு. பேரை மட்டும் சிஸ்டம் அப்டேட்டுன்னு வச்சிருக்காங்க. என்னென்ன அனுமதி கேக்குதுன்னு படிங்க. இருக்குற எடம்... மெசேஜு... மைக்கு. மைக்குன்னா நான் பேசுறதெல்லாமா? போன் சும்மா பைக்குள்ள கெடந்தாலுமா?

இல்ல, தண்ணியெல்லாம் வேணாம். நல்லாத்தான் இருக்கேன்.

யார் கையில குடுத்தேனா? போன தீபாவளிக்கு அவர்தான் இந்த போனை வாங்கிக் குடுத்தார். அப்டேட் வந்திருக்கு, உனக்குத் தெரியாது, குடு நான் போட்டுத் தரேன்னு அன்னிக்கே ரொம்ப நேரம் வச்சிருந்தார். எம்மேல எவ்ளோ அக்கறை பாருன்னு எங்கம்மாகிட்ட பெருமையடிச்சேன். சிரிங்க, பரவால்ல.

அதுக்கப்புறம் அவருக்குத் தெரியாம நான் ஒரு முழம் பூ வாங்க முடியல. வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறப்பவே, என்ன இன்னிக்கு மார்க்கெட்ல எறங்கிட்டியான்னு கேப்பார். ஒரு நாள் மத்தியானம் லேப்ல சாப்பிடுறப்ப, மாமியார் வச்ச வத்தக்குழம்பு வாயில வைக்க முடியலடின்னு ஹஃப்ஸாகிட்ட சொன்னேன். சாயங்காலம் தட்டு முன்னாடி உக்காந்தவர், எங்கம்மா குழம்பு வாயில வைக்க முடியலையாமேங்குறார். அதே வார்த்தை. தட்டு போய் செவுத்துல விழுந்துச்சு.

ஹஃப்ஸா என் கூட வேலை பாத்தவ. அவ டப்பாவுல நான் சாப்பிடுவேன், என் டப்பாவுல அவ. அவ வீட்டுக்காரர் அனீஸும் இவரும் ஒரே ஷிப்ட்டு. உங்களுக்கு எப்படிங்க தெரியும்னு அழுதுகிட்டே கேட்டேன். உன் உசிருத் தோழி வீட்டுல போய்ச் சொல்றா, அனீஸ் வந்து எங்கிட்ட சொல்றான், இனிமே பாத்துப் பேசுன்னார். நம்புனேண்ணே. நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்த ரூம்ல பேசுனது, வேற என்னன்னு நெனைப்பேன்?

மறுநாள் லேப்ல எல்லார் முன்னாலயும் அவளைக் கேட்டுட்டேன். அல்லா மேல ஆணையா நான் சொல்லலடின்னு நின்ன எடத்துலயே அழுதா. நான் டப்பாவைத் தூக்கிக்கிட்டு வேற மேஜைக்குப் போயிட்டேன். கொஞ்ச நாள்ல அவ வேலையை விட்டுட்டா. இப்ப கே.கே. நகர் பக்கம் எங்கயோ இருக்காளாம். தட்டை எறிஞ்சதுகூட ஆறிப்போச்சுண்ணே. எனக்குன்னு இருந்தது ஒருத்தி. அவளை என் வாயாலயே வெரட்ட வச்சார் பாருங்க, அதுதான் ஆற மாட்டேங்குது.

சந்தேகம் நேத்துதான் வந்துச்சு. இது முந்தாநேத்துலேருந்து வந்து நிக்குது, வேலை மும்முரத்துல நான் அனுமதின்னு அமுக்கல. நேத்து காலைல காபி குடிச்சுக்கிட்டே கேக்குறார், ஏன் இன்னும் அப்டேட்டுக்கு அனுமதி குடுக்கலன்னு. போன் என் பைக்குள்ள இருக்கு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. என் போன்ல வந்து நிக்கிறது அவருக்கு எப்படித் தெரியும்?

லேப் போன்லேருந்து எங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆசை இல்லாதவன் பொண்டாட்டி எங்க போறான்னு பாப்பானாடின்னாங்க. அத்தோட அம்மா வீட்டுக்குப் போற நெனப்பும் போச்சு.

அன்னிக்கு அவர் குடுத்து வச்ச அனுமதி தானா ரத்தாயிடுச்சா? அதான் திருப்பிக் கேக்குதா. அப்ப இப்ப நாம பேசுறது அங்க கேக்காது. நிச்சயமாத் தெரியுமா? சரி.

ஐயோ, அழிக்காதீங்க. கையை எடுங்கண்ணே. வேணாம். இல்லண்ணே, பயந்துகிட்டு சொல்லல, தெரிஞ்சுதான் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்ப அனுமதின்னு அமுக்குனா, பழையபடி அவருக்கு எடம் காட்டும்தானே? போன் இருக்குற எடந்தானே காட்டும், நான் இருக்குற எடம் இல்லையே?

அது போதும்.

இன்னிக்கு ஏகாதசில்ல. ஸ்ரீரங்கத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனேன். க்யூல நின்னு பெருமாளையும் தாயாரையும் சேவிச்சு வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்னு அவருக்கே தெரியும். கோயில் வாசல்ல போனைக் குடுத்துட்டுத்தான் போகணும், அதனால எடுக்கலன்னாலும் கேக்க மாட்டார். போன் பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும். நான் அப்படியே பஸ் ஏறிடுவேன். இந்தக் கட்டைப்பையில மேலதான் துளசி மாலை, அடியில என் சர்ட்டிபிகேட்டும் ரெண்டு புடவையும். எங்க போறேன்னு உங்ககிட்டகூட சொல்லல, கோவிச்சுக்காதீங்க.

குடுங்க, நானே அமுக்குறேன். நீங்க ஒரு வார்த்தை பேசிடாதீங்கண்ணே, நானும் இத்தோட நிறுத்திக்கிறேன். அவர் கேக்க ஆரம்பிச்சுடுவார்.