ஆமா போடாதக்கா

ஹலோ... ஹலோ, அக்கா... நான்தான், உன் தம்பி... என் வாயாலதான் பேசறேன், வேற யாரு... வீடியோ வேண்டாம், அத அமத்து. மூஞ்சியப் பாத்தா நீ பாதிய ஊகிச்சுடுவ...

ஆஸ்பத்திரிலதான். பேச்சுப் பயிற்சி குடுக்கற மேடம் பக்கத்துல இருக்காங்க. போன்ல ஒருத்தருக்கு என் பேச்சு முழுசா புரிஞ்சா, திங்கக்கிழமை மார்க்கெட்ல ஏலம் கூவப் போலாம்னு சொல்லிட்டாங்க... அழாதக்கா. நீ அழுதா நீ பேசறது எனக்குப் புரியாது.

ம்... ம்... வலி இல்ல. நாக்குல கேன்சர் வந்த பக்கத்த வெட்டிட்டு, இடது கைத்தோல எடுத்து நாக்கு தச்சாங்கல்ல, அதுல இப்ப முடி முளைக்குது... ஆமாக்கா, நெஜமா. கைத்தோல்தானே, எடம் மாறினது அதுக்கு இன்னும் தெரியல. எனக்கு வாயும் நீளம் கையும் நீளம்னு திட்டுவியே, இப்ப ரெண்டும் ஒரே எடத்துல.

ஆமா... ஆமா... சரி, இதக் கேளு. நேத்து உங்க மொட்டை மாடியில ஒட்டகம் துணி காயப்போட்டுச்சு...

ஆமாவா? எதுக்குக்கா ஆமா போடற? என் பொண்டாட்டியும் இப்படித்தான். முதலை ஒண்ணு வாங்கி வளக்கலாமான்னு கேட்டேன், சரிங்கங்கறா. பாசத்துல எல்லாரும் தலையாட்டறீங்க. ஏலத்துல ஒருத்தன் தலையாட்டினா அந்த விலைக்கு மூட்டை அவனுது. புரியாம ஆட்டினான்னா அடிதடிதான்.

பயமா இருக்குக்கா. கூவறத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்... புரியலன்னா புரியலன்னு சொல்லிடு.

... நெஜமா? இப்ப எல்லாம் புரியுதா?... சத்தியமா?

அப்ப இதையும் கேட்டுக்க. ஆபரேஷன் முடிஞ்சதுலேர்ந்து தினம் சூப் வச்சு அனுப்பினியே. இந்தப் புது நாக்குக்கு ருசி தெரியாதாம். அதனாலதான் நான் பிழைச்சேன்...

என்னது?... இல்லக்கா, கேவலமா இருந்துச்சுன்னு நான் சொல்லல... மாமாவுக்கு இன்னும் பழைய நாக்குதானே, பாவம் அந்த மனுஷன்... யாரு, நானா நன்றி கெட்டவன்?... சரி... சரி, உன் வீட்டு வாசப்படி மிதிக்கல... அக்கா... அக்கா?

ஹலோ?

மேடம், கட் பண்ணிட்டா மேடம்! ஒரு வார்த்தை விடாம புரிஞ்சிருக்கு!