கண் மூடாத ஜெபம்

பின்னேரம் பளையில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில், கண்ணிவெடி அகற்றும் வேலைச் சீருடையோடு ஓர் இளம்பெண் இருந்தார். பக்கத்தில் அவருடைய சபையைச் சேர்ந்த அக்கா ஒருவர்.

“ஏழு வருஷமா நான் கண்ணை மூடி ஜெபிச்சது குறைவு அக்கா,” என்றார் அந்தப் பெண்.

“அதென்ன கதை பிள்ளை?”

“முழங்காலில நிண்டு வெடி தேடி மண்ணைச் சுரண்டேக்க எப்பிடிக் கண்ணை மூடுறது? ‘ஆண்டவரே, நீர் பாத்துக்கொள்ளும்’ எண்டு சொல்லிச் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டுவன்.”

“பயம் வாறேல்லையோ?”

“ஒவ்வொரு நாளும் வரும். அப்பிடிச் சொன்ன பிறகு கை நடுங்காது. அது என்ர பலமில்லை எண்டு எனக்குத் தெரியும்.”

“இப்ப துப்பரவாக்கிற காணியில இன்னும் எவ்வளவு கிடக்கு?”

“அந்தக் காணி இண்டைக்கு முடிஞ்சுது அக்கா. எங்களில ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. காணிக்கார அம்மா உள்ள வரப் பயந்து வேலியடியில நிண்டவா. நான் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, அவாவையும் கூட்டிக்கொண்டு கிணத்தடி வரைக்கும் வெறுங்காலோட நடந்தனான்.”

அக்கா குனிந்து அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தார். பிறகு, “மண் சுட்டதோ?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா, நல்லாச் சுட்டது,” என்று சிரித்தார் அந்தப் பெண்.