யாரும் சொல்லாத கெடுதலுக்கு ஒரு டப்பா

இந்த அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும், என் கடை நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் தலை தாங்காமல் தூங்கிவிடும் பெரியவர் இராமசாமி ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்து முகம் மலர்ந்திருக்கும் முதியோர்களே! வெயில் தாழ்வதற்குள்ளேயே வந்து இடம்பிடித்து, முறுக்குப் பொட்டலமும் மூக்குக் கண்ணாடியுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உள்ளே இடமின்றி வாசற்படியில் வரிசைகட்டி நிற்கும் வாலிபர்களே! எல்லாருக்கும் மேலாக, இத்தனை நேரம் அந்த வெள்ளைத் துணியில் வெளிச்சத்தைப் பாய்ச்சி நம்மை வியக்க வைத்து, விம்ம வைத்த மாணவச் செல்வங்களே! சிராங்கூன் சாலைச் சந்தில் கத்தரியும் கத்தியுமாகக் காலம் தள்ளும் அழகப்பன், உங்கள் ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியே வணக்கம் சொல்கிறேன். ஏனென்றால் இந்த மண்டபத்து ஆண்களில் நான் தொடாத தலை ஒன்றிரண்டுகூட இருக்காது!

சிரிக்கிறீர்கள். என் பேச்சைக் கேட்டா சிரிக்கிறீர்கள்? இல்லை, என் மூக்குக்குக் கீழே பார்த்துச் சிரிக்கிறீர்கள். என்ன அக்கா? "மீசை எங்கப்பா?" என்கிறீர்களா? பொறுங்கள் பூவம்மா அக்கா, பொறுங்கள். எண்ணெய் தடவி, முறுக்கி, பெற்ற பிள்ளையைப்போல் பேணி வளர்த்த மீசை! அது போன கதையைச் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன். அந்த மீசையோடு சேர்த்து முடிச்சுப் போட்ட வாக்கு ஒன்றும் உண்டு. அந்த வாக்கைக் கொடுத்தவர் இரண்டாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாய், இப்போதே குனிந்து செருப்பைத் தேடாதீர்கள். கதை இனிமேல்தான்!

அன்புடையீர்! நான் படித்தவன் அல்லன். மூன்றாம் வகுப்பில் பலகையைக் கீழே வைத்துவிட்டுப் படிகாரத்தைக் கையில் எடுத்தவன். பெரிய பெரிய தலைகளைப் பார்த்திருக்கிறேன். தலைக்குள்ளே இருப்பதைப் பார்த்ததில்லை. அதைக் காட்டியது ஒரு பெண்பிள்ளை. நம் மளிகைக்கடை நூருல் அமீன் பாயின் மகள், கல்லூரி மாணவி, சாயிரா பானு!

நம் பழக்கம் என்ன? நல்ல காரியம் தொடங்கும்போது கெடுதலை வாயில் எடுப்போமா? கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற இடத்தில் "மழை வந்தால்?" என்று ஒருவன் கேட்டால் அவனுக்குப் பந்தியில் இடம் உண்டா? சொன்னால் பலித்துவிடுமோ என்று நமக்குப் பயம்!

ஆனால் என்ன நடந்தது? ஒரு செவ்வாய்க்கிழமை. முடி வெட்ட யாரும் வராத நாள் என்பதால் மாணவர்கள் என் கடையில் கூடினார்கள். அவர்கள் எடுக்க நினைத்தது பேச்சில்லாத சின்னப் படம். கப்பலேறி வெளிநாடு போகத் துடிக்கும் மகன். அவனை அனுப்ப மனமில்லாமல் வாசலை மறித்து உட்கார்ந்திருக்கும் தாய். கேமரா இரவல். விடுமுறை முடிந்த அன்றே திருப்பித் தந்தாக வேண்டும். பூசை போட்டுத் தேங்காய் உடைப்பார்கள் என்று நான் காத்திருக்கிறேன். சாயிரா எழுந்து நிற்கிறாள். கேட்கிறாள்:

"சரி, என்னென்ன கெட்டுப்போகும்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு! "ஏம்மா, ஆரம்பிக்கிற நேரத்துல இப்படியா வாய வைப்பே?" என்றேன்.

"இங்கயே சொல்லிட்டா, அங்க வர்றப்ப பயமா இருக்காது லா, மாமா."

கேமரா பிடிக்கும் ஜலாலுதீன் சொன்னான்: "மழை. அதோட கடல் ஏத்தமும் சேர்ந்தா ரோச்சோர் கால்வாய்த் தண்ணி ரோட்டுக்கு வந்துடும்." கதாநாயகன் பரமசிவம் சொன்னான்: "எனக்கே வயிறு கெட்டுப் படுத்துட்டா?" சொல்லச் சொல்ல, அவளிடம் ஒவ்வொன்றுக்கும் விடை இருந்தது. சரக்கு ஏற்றும் தொங்காங் படகுக்காரர்களிடம் போய்க் கடல் ஏறும் வேளை இறங்கும் வேளையைக் கேட்டு வந்திருந்தாள். பரமசிவத்தின் சட்டை போலவே இன்னொரு சட்டை தைத்து வைத்திருந்தாள். "மாமா, சேக் தாவூதுக்கும் இதே கிராப் வெட்டி விடுங்க. பரமசிவம் படுத்துட்டா முதுகு காட்ட ஒரு ஆள் வேணும்."

வெட்டினேன் ஐயா, வெட்டினேன்! முன்னால் பார்த்தால் சேக் தாவூது. பின்னால் பார்த்தால் பரமசிவம்! ஒருநாள் பரமசிவத்தின் தாயார் அன்னம்மா அக்கா தெருவில் வந்தவர், முதுகைப் பார்த்துப் பிடரியில் ஒன்று வைத்து, "சாப்பிட வராம இங்க என்னடா வேடிக்கை?" என்றார். திரும்பியது சேக் தாவூது! "அத்தே, சாப்பாடு எனக்கும் உண்டுதானே?" என்று கேட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிட்டும் விட்டான். அதோ, அங்கே நின்றுகொண்டு சிரிக்கிறான் பாருங்கள்!

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கே வருகிறேன். எல்லாரும் சொல்லி முடித்தார்கள். படச்சுருள் டப்பாக்களில் ஒன்றை மட்டும் சாயிரா தனியே எடுத்தாள். ரப்பர் துணியில் சுற்றினாள். என் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"இங்க யாருமே சொல்லாத கெடுதல் ஒண்ணு எங்கயாவது இருக்கும் மாமா. அதுக்கு."

சிரித்தேன்! கண்ணில் நீர் வரச் சிரித்தேன்! அந்த நேரம் பார்த்து மகளைத் தேடி உள்ளே வந்தார் பாய். "பாய், சொல்லாத கெடுதலுக்குச் சோறாக்கி வைக்குது உங்க பொண்ணு! இந்தப் படத்தை இதுங்க முடிச்சுட்டா நான் என் மீசையை எடுத்துடுறேன்!" என்றேன். பாய் என்ன சொன்னார் தெரியுமா? மதராசுக்குப் போய்ப் படமெடுக்கும் கலையை முறையாகப் படிக்க வேண்டும் என்று இந்தப் பிள்ளை வீட்டில் எவ்வளவோ நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பாய் பிடிகொடுக்கவில்லை. அன்று என் மீசையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"உன் மீசைய நீ எடுக்கிற அன்னைக்கு என் புள்ளைய மதராசுக்குக் கப்பல் ஏத்துறேன், போ!"

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "வாப்பா, இத்தனை பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

பெரியோர்களே! மழை வந்ததா? வந்தது! கடல் ஏற்றம் வந்ததா? கைகோத்துக்கொண்டு வந்தது! கால்வாய் கரைபுரண்டு கைலியை நனைத்தபோது, வேடிக்கை பார்க்கப் போன நாங்களெல்லாம் கைலியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கேமரா எங்கே? மழை தூறுவதற்கு முன்னாலேயே மேட்டில் நிறுத்தி வைத்த டிரைஷா வண்டியில், எண்ணெய்த் துணிக்குள், மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது! ஆனாலும் ஒரு சுருள் நனைந்துவிட்டது. "அந்த டப்பாவைத் திறப்போம் லா!" என்று கெஞ்சினான் ஜலாலுதீன்.

"மழை நாம சொன்ன கெடுதல். அதுக்கு வேற வழி இருக்கு. அத தொடாதே."

பரமசிவம் கண்ட கடையில் மீ கோரேங் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தான். "அந்த டப்பா..." என்று தொடங்கினார்கள். "அதுவும் சொன்ன கெடுதல்." சேக் தாவூதின் முதுகை வைத்து அன்றைய வேலை முடிந்தது. தாய் வேடத்துக்கு முகம் காட்ட ஒரு பெண்மணிகூட ஒப்பவில்லை. மாணவி மங்களம் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். படம் முழுக்க அந்தத் தாயின் முதுகைத்தானே பார்த்தீர்கள்? முகம் எப்போது வரும், முகம் எப்போது வரும் என்று தவித்தீர்களா இல்லையா?

இப்படியாகக் கடைசிக் காட்சி ஒன்றே ஒன்று பாக்கி. மகன் தாயிடம் விடைபெறும் காட்சி. பரமசிவத்தின் முகம் வேண்டும்; நெற்றியில் சுருண்டு விழும் அந்த முடி வேண்டும். அப்போதுதான் வந்தது ஆபத்து. வானத்திலிருந்து வந்ததா? கடலிலிருந்து வந்ததா? இல்லை! என் கையிலிருந்த கத்தியிலிருந்து வந்தது!

தேர்வு முடிவு வந்தது. பரமசிவம் தேறிவிட்டான். முந்திய ஆண்டு டைபாய்டு கண்டு கிழிந்த நாராய்க் கிடந்தவன் அவன். அப்போது அன்னம்மா அக்கா அம்மனிடம் நேர்ந்துகொண்டாராம்: "இவன் எழுந்து படிச்சுத் தேறிட்டா, அடுத்த பௌர்ணமிக்கு முடி தர்றேன்." நேர்த்திக்கடனை நிறைவேற்றும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று வாயைத் திறக்கவே இல்லை. மகனுக்கே தெரியாது! பௌர்ணமியன்று காலை என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பரமசிவம் முற்றத்தில் மணையில் உட்கார்ந்திருக்கிறான், முகம் செத்துப்போய். கத்தியைத் தீட்டுகிறேன். மாணவர்கள் மூச்சிரைக்க ஓடிவருகிறார்கள்.

"அம்மா, ஒரே ஒரு நாள் பொறுத்துக்குங்கம்மா!" இது ஜலாலுதீன்.

"சாமிகிட்ட ஒரு நாள் டைம் கேக்கச் சொல்றியா? அது என்ன உங்க காலேஜு ஆபீஸா?" இது அன்னம்மா அக்கா.

"டோப்பா வச்சு எடுத்துடலாம் லா!" இது சேக் தாவூது.

"எம் புள்ள தலையில ஊரான் முடியா? தலையில ஒண்ணு போட்டேன்னா!"

கேமரா மறுநாள் காலையில் திரும்ப வேண்டும். கடைசிக் காட்சி இல்லை. படம் இல்லை. படம் இல்லையென்றால் என் மீசை நிற்கும். என் மீசை நின்றால் கப்பல் இல்லை! சொல்லப்போனால் எனக்கல்லவா வெற்றி? ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அழுதாளா? இல்லை. கத்தினாளா? இல்லை. அன்னம்மா அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "என்னம்மா நேர்ந்துக்கிட்டீங்க? எனக்குச் சொல்லுங்க" என்றாள். அக்கா சொன்னார். ஆஸ்பத்திரி, காய்ச்சல், விடிய விடிய விழித்திருந்தது எல்லாம் சொன்னார். கேட்டு முடித்து எழுந்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாமா, இத நம்ம யாருமே சொல்லல. அந்த டப்பாவ எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

ஐயோ, பெரியோர்களே! இதை நினைத்தால் இப்போதும் என் உடம்பு சிலிர்க்கிறது! பெயர் தெரியாத விருந்தாளிக்கு இலை போட்டு வைத்திருந்தவள், அவன் வந்து வாசலில் நின்றதும் அடையாளம் கண்டுகொண்டாள்!

"இன்னைக்கே முடிய இறக்குங்க. அதையே கடைசிக் காட்சியா வச்சுக்குவோம். அம்மா, உங்க முகம் படத்துல வரலாமா?"

"நான் எம் புள்ள தலையப் பாத்துக்கிட்டு இருப்பேன். நீ எங்கருந்து எடுத்தா எனக்கென்ன?"

அக்காவை வாசலை மறித்து, மகனுக்கு எதிரே உட்கார வைத்தாள். அந்தக் கேமராவுக்குச் சாவி கொடுக்க வேண்டும்; கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும், மறுபடி சாவி. தவறினால் திரும்ப எடுக்க முடியுமா? இறங்கிய முடியை ஒட்ட முடியுமா? நின்ற நிலையில் எல்லாருக்கும் வழி சொன்னாள். "கேமரா நின்னா கத்திய நிறுத்தித் தண்ணி தெளிங்க மாமா. கீறல் பட்டா நிறுத்தாதீங்க, சந்தனத்த வைங்க. வெயில் மறைஞ்சா எல்லாரும் அப்படியே இருங்க, மறுபடி வரும். அம்மா அழுதா யாரும் கிட்டப் போகாதீங்க." என் வாழ்நாளில் எத்தனையோ தலை சிரைத்திருக்கிறேன், அன்றுதான் தீட்டிய கத்தியையே மறுபடி தீட்டினேன்!

ஓடியது கேமரா, ஓடியது கத்தி. நின்றது கேமரா, தெளித்தேன் தண்ணீர். கொத்துக் கொத்தாக விழுந்தது முடி. சுருள் தீரப்போகும் நேரம், சாயிரா ஜலாலுதீனின் தோளைத் தொட்டு மெல்லத் திருப்பினாள். மகனிடமிருந்து தாய்க்குத் திரும்பியது கேமரா. அதன் பிறகு நடந்ததைத்தான் சற்று முன் நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். முடியை முந்தானையில் ஏந்திக்கொண்டு, அந்த முகம்! அழுததா, சிரித்ததா, உங்களுக்குத் தெரிந்ததா? எனக்குத் தெரியவில்லை. மொட்டைத் தலையை ஒருமுறை தடவினார். வாசலை மறித்திருந்தவர் எழுந்தார். ஒதுங்கி வழிவிட்டார். அத்தோடு சுருள் தீர்ந்தது. யாரும் அவரை எழச் சொல்லவில்லை ஐயா! யாரும் சொல்லவில்லை!

சுருள்களையெல்லாம் கழுவி, ஒட்டி முடித்து, "முடிஞ்சிருச்சு மாமா" என்று அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள். நான் கண்ணாடி முன் போய் நின்றேன். கத்தியை எடுத்தேன்.

"வேணாம் மாமா, விளையாட்டுக்குச் சொன்னதுதானே?"

"உனக்காக இல்லம்மா. உங்க வாப்பாவுக்காக எடுக்கிறேன்" என்றேன்.

நூருல் அமீன் பாய் அவர்களே! என் மேலுதட்டைப் பாருங்கள். மழமழவென்று இருக்கிறது, உங்கள் கடைத் தராசுத் தட்டு மாதிரி. என் பக்கத்து வாக்கு தீர்ந்தது. உங்கள் பக்கம் என்ன பாய்? இது அழகப்பன் கேட்கும் கேள்வி அல்ல. இந்த மண்டபம் கேட்கிறது!

அமைதி, அமைதி. எழுந்துவிட்டார். வாலிபர்களே, விசில் வேண்டாம். பாய் ஏதோ சொல்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசுங்கள் பாய், அவசரமில்லை. என்ன? என்ன கேட்கிறீர்கள்? சபையோரே, "எந்தக் கப்பல்?" என்று கேட்கிறார்! மகளைப் பார்த்துக் கேட்கிறார்!

சாயிரா, மேடையில்தானே நிற்கிறாய், நீயே சொல்லம்மா. உரக்கச் சொல்.

கேட்டீர்களா? ஐயோ, கேட்டீர்களா? இரண்டு கப்பலுக்கு விசாரித்து வைத்திருக்கிறாளாம்! வாப்பா இன்று சரி என்றால் முதலாவது. மனம் ஆற நாளாகும் என்றால் அடுத்தது! அவர் கோபித்துக்கொள்வது அவள் எண்ணிப் பார்த்த கெடுதல். அழுவார் என்பதுதான் எண்ணிப் பார்க்காதது போலும். இதோ, மேடையை விட்டு இறங்கி அவரிடம் ஓடுகிறாள். அதற்கு அவளிடம் டப்பா எதுவும் இல்லை!

தாய்மார்களே, பெரியோர்களே! இனி நான் பேச ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளை படித்துத் திரும்பி வரும்போது என் மீசை பழையபடி முறுக்கேறியிருக்கும். துறைமுகத்தில் என்னை அடையாளம் கண்டுகொள்வதில் அவளுக்குச் சிரமம் இருக்காது. பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், முகம் தந்த அன்னம்மா அக்காவுக்கும், வாக்குத் தவறாத பாய்க்கும், வாய் பேசாத கேமராவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. இராமசாமி ஐயாவை யாராவது மெதுவாக எழுப்புங்கள். எல்லாரையும் கும்பிட்டு இறங்குகிறேன், வணக்கம்!