உள்ளடுப்பில் ஒரு கிரெம் புருலே

...சக்கரையக் கருக்கித் திங்குறாக தம்பி! கருக்கி! நம்ம வீட்டுல பாலு அடிப்பிடிச்சா சட்டியோட கொண்டுபோயி மாட்டுத்தொட்டியில ஊத்துவோம். வெள்ளக்காரவுக அதுக்கு ஒரு பேர வச்சு, காசு குடுத்துத் திங்குறாக. கிரெம் புருலேயாம். சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாயில இருக்க வெத்தலை வெளிய வந்துரும்.

உக்காருங்க, உக்காருங்க. பெட்டிய இந்த டீக்கடை பெஞ்சு மேல வைங்க. வீடு எங்கயும் ஓடிராது, இந்தா தெருக்கோடிதான். உங்களக் கூட்டியாரச் சொல்லி ஆச்சிதான் என்னைய அனுப்புனாக. மொத டீயக் குடிங்க. பாண்டிச்சேரியில இருந்து ராத்திரி பூரா பஸ்ஸுல வந்திருக்கீக.

நான் சத்தியமூர்த்தி. அந்த வீட்டுல இருபத்தெட்டு வருசமா சமையலு. கல்யாணத்துக்கு எண்ணூறு எலைக்குப் பாயாசம் காச்சுன கையி இது. இப்ப ஆச்சி மகன் கார்த்திகேய சிவம் வீட்ட ஓட்டலாக்கிட்டாரு. என்னென்ன கெடைக்கும்னு கார்டு வேற அடிச்சு வச்சிருக்காரு. சாப்புட்டு முடிச்சதும் திங்கிறதுக்குக் கிரெம் புருலே. கீழ காப்பி வரிசையில பாத்தா, அங்கயும் கிரெம் புருலே! திங்கிறதுக்கும் குடிக்கிறதுக்கும் ஒரே பேரு. பேருக்குக்கூடப் பஞ்சம் பாருங்க அந்தச் சீமையில! கருக்குன சக்கரையும் பாலாடையுமாப் போட்டு அடிக்கிறது. நல்ல காப்பியக் கெடுக்க இவ்வளவு மெனக்கெடணுமா?

போன மாசம் அஞ்சு வெள்ளக்காரவுக வந்தாக. செய்யின்னாரு சிவம். செஞ்சேன். பால சுண்டக் காச்சி, கடப்பாசியப் போட்டு, கிண்ணத்துல ஊத்தி ஒறைய வச்சேன். அசையாம நின்னுச்சு தம்பி! மேல சக்கரையத் தூவி, தோசத்திருப்பியப் பழுக்கக் காச்சி வச்சேன் பாருங்க... சுர்ர்ருனு ஒரு சத்தம். அம்புட்டும் எளகி மோராப் போச்சு.

விட்டுருவேனா? டம்ளர்ல ஊத்தி, டிக்காசனக் கலந்து, அந்தக் காப்பி இதுதாம்மான்னு கொண்டுபோயி வச்சேன். அவுக பேசிக்கிட்டே இருந்தாக. ஆற ஆற... காப்பி டம்ளருக்குள்ளயே ஒறைஞ்சு நின்னுருச்சு. கவுத்துனாலும் விழ மாட்டேங்குது! ஒரு அம்மா கரண்டிய விட்டுக் குத்திப் பாத்தாக. சிரிக்காதீக தம்பி.

என்னது? முட்டையா? ஆமா... முட்டைதான் போடணுமாம். அங்கதான் சிக்கலே. அந்த வீட்டுல உள்ளடுப்புல பாலு, பலகாரம். முட்டையும் கறியும் பின்கட்டுக் கொட்டாயில, கறி சமைக்கிற பெத்தன் கையில. முட்டை நெலைப்படி தாண்டி உள்ள வரக் கூடாது. பாலு முன்னால, முட்டை பின்னால. எங்க வச்சு ஒண்ணாக்குறது? அப்படிப்பட்ட வீட்டுல வந்து நீங்க ஏன் அல்லாடணும்? சொல்லுங்க.

ஆச்சியா? அவுக என்ன... பாலத் தூக்கிக்கிட்டுப் பின்கட்டுக்குப் போயிச் செஞ்சுக்க மூர்த்தின்னு அன்னைக்கே சொன்னாக. நாந்தான் போகல. இருபத்தெட்டு வருசம் உள்ளடுப்புல நின்னவன், பெத்தன்கிட்டப் போயி ஒரு ஓரமா எடங் கேட்டு நிக்கிறதா? கடப்பாசியப் போட்டது நாந்தான். யாரையும் கேக்கல. இப்ப என்னடான்னா, பாண்டிச்சேரியில இருந்து புதுச் சமையக்காரரு வர்றாரு, நீ அவருக்கு வெங்காயம் உரின்னு சொல்லிட்டாரு சிவம். வெங்காயம்! நானு!

அதுனாலதான் சொல்லுறேன், உங்களுக்கு அந்த வீடு ஒத்து வராது. அந்தக் காலத்துலயே சுண்ணாம்புல முட்டை வெள்ளையக் கலந்து சொவத்துக்கெல்லாம் பூசி மினுக்கி வச்சிருக்காக, கிண்ணத்துல ஊத்துனாத்தான் குத்தம். கெணத்துத் தண்ணி உப்பு. பெத்தன் பேச மாட்டான், மொறைப்பான். சம்பளமும் சொன்ன தேதிக்கு வராது.

அட, பெட்டிய ஏன் எடுக்கீக? அது காரைக்குடிக்குத் திரும்புற பஸ்ஸுல்ல... நெசமாவே போறீகளா? சரி, சரி. நல்ல புள்ள. சொன்னதும் புரிஞ்சுக்கிட்டீக. சன்னலோரமா உக்காருங்க, காத்து வரும். ஆச்சிகிட்ட நான் சொல்லிக்கிறேன், புடிக்கலைன்னு போயிட்டாருன்னு. சொன்னா, சரி, நீயே செய்யும்பாக. செய்ய வேண்டியதுதான்... இன்னைக்குச் சாயங்காலம் பதினெட்டுப் பேரு சாப்புட வர்றாக. இதும் கெட்டுச்சுன்னா ஓட்டல இழுத்துப் பூட்டிட்டு எல்லாரும் மெட்ராசுக்குன்னு சிவம் சொல்லியிருக்காரு. பூட்டுன வீட்டுல யாருக்குச் சமைக்க...

தம்பி! ஏ தம்பி! கண்டக்டரே, விசில ஊதாதீக! கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கய்யா! தம்பி, நீங்க எறங்க வேணாம்... ஒரு படி பாலுக்கு எத்தன மஞ்சக்கரு? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி!