ஒரு மணி பத்து நிமிஷ ஆகாயமும் ஒரு தாய்மாமன் மாலையும்

நிமிஷத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கும் மணவிழாத் தலைவர், திருத்தங்கல் அச்சாபீஸ் முதலாளி கனகசபாபதி அவர்களே! மாப்பிள்ளையைப் பெற்றெடுத்த சம்பந்தி காசிராஜன் அவர்களே! ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேன் பிடித்து வந்து, பந்திப் பக்கமே பார்த்திருக்கும் பெரியோர்களே! பயர் ஆபீசு என்கிற பட்டாசு ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, மருந்து மணக்க வந்திருக்கும் தாய்மார்களே! மணமேடையில் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும் என் பேத்தி மாரிசெல்வியே! எல்லாருக்கும் பொன்னுத்தங்கத்தின் வணக்கம்.

மைக்கை என் கையில் ஏன் கொடுத்தாக? சென்னையிலிருந்து என் மகன் முனியராஜ் வந்து சேரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்கத்தான். தாய்மாமன் மாலை விழாத கழுத்தில் எங்கள் சனத்தில் தாலி ஏறாது. மாலை இருக்கிறது, மணமகன் இருக்கிறான், மாமன் எங்கே?

சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாயத்தில் எம்புட்டுத் தூரம்? நானூத்திச் சொச்சம் கிலோமீட்டர்! எம்புட்டு நேரம்? ஒரு மணி பத்து நிமிஷம்! "நேத்தே ரயில் ஏறுலே" என்றேன். "ஏம்மா, நீ இட்லி அவிச்சு இறக்குறதுக்குள்ள மதுரையில நிப்பேன்" என்றான்.

என்ன முன்வரிசைப் பாண்டிமீனா, சிரிக்கிறே? சிரி, சிரி. இட்லி ஆறிக் கல்லாப் போச்சு.

பறக்கிற நேரத்தைச் சொன்னானே, வரிசையில் நிற்கிற நேரத்தைச் சொன்னானா? மதுரையிலிருந்து சிவகாசிக்குக் காரில் வருகிற ஒன்றரை மணியைச் சொன்னானா? பைக்குள் கிடந்ததைத்தான் சொன்னானா?

நிச்சயதார்த்தத்துக்கு வந்தவனிடம், பட்டணத்தில் ஆர்டர் பிடிக்கச் சொல்லி, தன் கம்பெனிப் புது வெடி ஒரு பெட்டி கொடுத்தார் சம்பந்தி. நம்ம ஊரில் வெடிப்பெட்டி வெத்தலை பாக்கு மாதிரி. பையில் கிடப்பதை எவன் நினைக்கிறான்? அதே பையோடு விடிகாலை விமானம் ஏறப் போனான். "என்ன இது?" என்றார் காவலர். "சாம்பிள் சார்!" என்றான் என் மகன். சாம்பிளாம்! உட்கார வைத்து, விசாரித்து, எழுதி வாங்கி விடுவதற்குள் விமானம் போயே போச்சு. அடுத்ததில் ஏறி, இப்போதுதான் மதுரையில் இறங்கியிருக்கிறான்.

மணி பத்தேகால். முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது.

யாரது, "அடுத்த மாசம் வச்சுக்கிடலாம்"னு சொல்றது? உங்க வீட்டுப் புள்ளைன்னா எந்திரிச்சுப் போகச் சொல்லுவீகளா?

கொண்டாங்க அந்த மாலையை! மாமன் வரவில்லையா? மாமனைச் சுமந்தவள் வந்திருக்கிறேன்! திரி உருட்டிக் கறுத்த கை இது. தீக்காயம் கண்டும் திரும்ப வேலைக்குப் போன கை இது. இந்தக் கை போட்டால் மாலை மாலையில்லையா? மணம் மணமில்லையா? ஏ, சேலையை விடு! மாரிசெல்வி, குனி தாயி.

விழுந்தது மாலை! கொட்டுங்கய்யா கெட்டிமேளம்!

காத்திருந்த கண்களுக்கெல்லாம் நன்றி. வயிறார உண்டு போங்க, வணக்கம். வெடி கொடுத்த சம்பந்தியை மன்னித்தேன். தடுத்து வைத்த காவலரை மன்னித்தேன். என் மகனை, அவன் வந்து சோறு தின்ற பிறகு மன்னிப்பேன். ஆனால் இப்போது என் சேலையைப் பிடித்திழுத்து, "தாலியறுத்த கை எம்புள்ள மேல படக் கூடாதும்மா" என்று காதுக்குள் சொன்னாளே ஒருத்தி, அவளை மட்டும் இந்தக் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன். அவள் மணப்பெண்ணைப் பெற்றவள். நான் பெற்ற மகள். வள்ளித்தாய்.