பாட்டு ஓடும்போது மட்டும்

வேலை செய்யும்போது பாட்டுக் கேட்பது என் பழக்கம். மெல்லிய சத்தத்தில்தான், பக்கத்து மேசைக்காரர்கூட ஒருநாளும் குறை சொன்னதில்லை.

தகடு அழுத்தும் இயந்திரத்துக்கு நிரல் எழுதியவன் நான். அதன் வாயில் ஓர் ஒளிக்கதிர் உண்டு. ஆள் குறுக்கே வந்தால் நிரல் பத்து முறை பார்த்து, உறுதி செய்துகொண்டு, இயந்திரத்தை நிறுத்தும். ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மில்லி வினாடி, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சோதனை அறையில் என் கணினியை இணைத்துப் பார்த்தபோது கச்சிதமாக நின்றது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

என் தம்பி அந்த இயந்திரத்தில்தான் வேலை பார்த்தான். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் என் மேசைக்கு வந்தான்.

"அண்ணே, உன் மெஷின் என்னைவிட சோம்பேறி. நில்லுன்னா யோசிச்சிட்டு நிக்குது."

"உனக்கு உடம்பு வணங்கல. மெஷின் மேல பழி போடுற."

"பெரிய மனுஷன் சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அன்று மாலை என் கணினியில், நிற்க ஆகும் நேரத்தை அளந்து பார்த்தேன். பாட்டு ஓடும்போது பத்து மில்லி வினாடி. பாட்டை நிறுத்தினால் நூற்றைம்பதுக்கு மேல். கணினியின் கடிகாரம், கேட்காமல் விட்டால், பதினாறு மில்லி வினாடிக்கு ஒருமுறைதான் நகரும்; ஒவ்வொரு பார்வைக்கும் அவ்வளவு காத்திருப்பு. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் நிரல்தான் கேட்டு வாங்க வேண்டும். என் நிரல் கேட்கவில்லை. பாட்டுப் போடும் செயலி தனக்காகக் கேட்டிருந்தது. என் நிரல் அதன் தயவில் ஓடியிருக்கிறது. இயந்திரத்தை ஓட்டும் தொழிற்கூடத்துக் கணினியில் பாட்டு கிடையாது.

ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் சேர்த்தால் சான்றிதழ் செல்லாது. நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். அடுத்த மாத மாற்றங்களோடு சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். தம்பியிடமும் சொல்லவில்லை. அவனுக்கு வாய் நிற்காது. இதை எழுதக் கை கூசுகிறது.

பன்னிரண்டாம் நாள், கோணிய தகட்டை நேராக்க அவன் உள்ளே குனிந்தான். கதிர் இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லோரும் அப்படித்தான் குனிவார்கள். இயந்திரம் நிற்பதற்குள் அவன் தலைமேல் இறங்கிவிட்டது.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்கு முன் அந்த வரியைச் சேர்த்தேன். அவர்கள் கண்முன்னால் இயந்திரம் பத்து மில்லி வினாடியில் நின்றது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

"மாமா, நீங்க சொல்லுங்க. அவரு அவ்ளோ அஜாக்கிரதையான ஆளா?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"ஒரு நிமிஷம் அசந்துட்டான்மா."

நம்பினாள். அவன்மேல் கோபம் வந்தால் துக்கம் கொஞ்சம் ஆறும், அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அவன் படத்தைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் பாத்து குனிஞ்சிருக்கக் கூடாதா?" என்று அவனைத் திட்டினாள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.