ஆரஞ்சுச் சட்டைக்குப் பின்னால்

அந்த ஆரஞ்சு மேல்சட்டையைத் துவைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் துவைத்து, கடையின் பின்கதவு ஆணியில் மாட்டுவது என் வழக்கம். கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது. வேண்டுமென்றால் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். காலர் மட்டும் இன்னும் ஈரமாக இருக்கும்.

முக்காலியில் உட்காராதீர்கள், ஆடும். இந்த நாற்காலி பரவாயில்லை. சங்கிலி எண்ணெய் வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். இதை வாசனை என்று சொல்கிற ஒரே ஆள் என் தங்கை. கீழே சைக்கிள் கடை, மேலே வீடு. இரண்டையும் நாங்கள் இரண்டு பேரும்தான் நடத்தி வந்தோம். மழை இல்லாத மாதங்களில் மலைப் பூங்காவுக்குள் ஆட்களைச் சைக்கிளில் கூட்டிப் போவோம். தங்கை முன்னால், நான் பின்னால்.

நாங்கள் கூட்டிப் போகும் முறை உங்களுக்குத் தெரிந்தால்தான் நான் சொல்லப்போவது புரியும். அந்தப் பூங்காவில் பாதை பல இடங்களில் கிளை பிரியும். வழிகாட்டிப் பலகை வைத்தால் காற்று பிடுங்கிப் போட்டுவிடும். அதனால் கிளை வந்ததும் தங்கை தனக்கு நேர் பின்னால் வருகிறவரை அங்கே நிறுத்திவிட்டுப் போவாள். அவர் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் கை காட்டி வழி சொல்ல வேண்டும். ஆரஞ்சுச் சட்டை கண்ணில் பட்ட பிறகுதான் அவர் அங்கிருந்து கிளம்பலாம். ஆரஞ்சுச் சட்டை போட்டவன் கடைசி ஆள். அவன் வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று. தலையை எண்ண வேண்டாம், தொண்டை கிழியக் கூப்பிட வேண்டாம்.

இதில் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஆரஞ்சுச் சட்டை யாரையும் முந்தக் கூடாது. ஒருவர் ஷூ லேஸ் கட்ட நின்றாலும் அவனும் நிற்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் ஒருவரையும் முந்தியதில்லை. தங்கை எனக்கு 'வால்' என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நான் போட்டிருக்கும் இந்தக் கண்ணாடி அவர் செய்து கொடுத்ததுதான். மூக்கில் அழுத்துகிறது என்று ஒரு வார்த்தை சொன்னேன், மறுநாளே வந்து சரிசெய்துவிட்டுப் போனார். நல்ல மனிதர் என்று எழுதிக்கொள்ளுங்கள். தான் சொல்லும் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுவார், அது ஒன்றுதான் குறை. சைக்கிள் அவருக்கு வரவே வராது. தங்கைக்காக, கல்யாணத்துக்குப் பிறகு விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்.

பயணத்துக்கு முந்தின வாரம் இதே இடத்தில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தின் கோணலை எடுத்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, இந்த சீசனோட நான் நிறுத்திக்கிறேன். கடலோரத்துல அவங்க அண்ணன் கடை இருக்குல்ல, அங்கேயே போயிடலாம்னு இருக்கோம்."

"சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்வது? சக்கரத்துக் கம்பியை ஒரு திருகு அதிகமாகத் திருகிவிட்டேன் போலிருக்கிறது, அது தெறித்துப் போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது. இன்னும் அங்கேதான் கிடக்கும். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவன் நான். இரட்டைச் சடை பின்னுவேன். முதலில் கோணலாக வரும், போகப் போகக் கை படிந்துவிட்டது.

பயணத்தன்று மலையடிவாரத்தில் எங்கள் வேன் எல்லாரையும் இறக்கிவிட்டது. ராத்திரி அது அங்கேயே நிற்கும், மறுநாள் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரும். நாங்கள் மலையைக் கடந்து, நடுவில் உள்ள விடுதியில் ஒரு ராத்திரி தங்குவோம். கிளம்பும்போது தங்கை என் பக்கம் வந்து, அவருக்கு ஏற்றம் என்றால் மூச்சு வாங்கும், பார்த்துக்கொள் என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மாப்பிள்ளை எனக்கு முன்னால் திணறித் திணறி ஏறினார். மூச்சு வாங்கினாலும் வாய் ஓயவில்லை. கடலோரத்தில் மேடே கிடையாதாம், சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் போதுமாம், தானாக ஓடுமாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "நீங்களும் வந்துடுங்களேன் மச்சான், ஒரு ரூம் சும்மாதான் இருக்கு" என்றார். மனசாரத்தான் சொன்னார். எனக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? என் தங்கை இருக்கும் வீட்டில் எனக்கு இன்னொருவர் இடம் கொடுக்கிறார். உடம்பெல்லாம் எரிந்தது. பாதையைப் பார்த்து ஓட்டுங்கள் மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னேன்.

பாறைகளுக்கு நடுவே ஓர் ஓடை குறுக்கிடும் இடத்தில் அவர் இறங்கினார். முகத்தைக் கழுவி, கண்ணாடியையும் கழுவிக்கொண்டு வருகிறேன் என்றார். மற்றவர்கள் அதற்குள் வளைவு தாண்டிப் போயிருந்தார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"நீங்க பின்னாடி இருக்கீங்க. எனக்கென்ன மச்சான் கவலை?"

பாறைக்குப் பின்னால் இறங்கிப் போனார். நான் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். தண்ணீர் இரைச்சலில் அவர் பாடுவது அரைகுறையாகக் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பெடலை மிதித்தேன். அவ்வளவுதான். யாரையும் தொடவில்லை, தள்ளவில்லை. என் சைக்கிளை நான் ஓட்டினேன்.

ஒரு பயம் காட்ட வேண்டும், அதுதான் என் நினைப்பு. வழி தெரியாமல் தடுமாறி, முகம் வெளுத்து வந்து சேரட்டும். இவரை நம்பியா ஊரைவிட்டுப் போகிறோம் என்று தங்கைக்கு ஒரு கணமாவது தோன்றட்டும். சின்னத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கிளையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் நின்றிருந்தார். "நீங்கதானே கடைசி?" என்று கேட்டார். நான்தான் கடைசி என்றேன். அவர் நிம்மதியாகச் சைக்கிளில் ஏறிக்கொண்டார். அந்த அம்மா இப்போது தூக்கமில்லாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொள்கிறாராம். அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

விடுதி வாசலில் தங்கை நின்றிருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெளிச்சம் இருந்தது, வேகமாக ஓட்டத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். நான் சொன்னது வேறு. மாப்பிள்ளைக்கு முட்டி பிடித்துக்கொண்டது, ஓடையிலிருந்தே திரும்பிவிட்டார், வேன்காரரோடு நாளைக்கு வருவார் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்பதால் அவள் அப்படியே நம்பினாள். அந்த விடுதியில் போன் எடுக்காது என்பது உங்களுக்கும் தெரியும்.

பனி இறங்கத் தொடங்கியதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. "நான் கீழ வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேண்ணா" என்று ஹெல்மெட்டை எடுத்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினேன். அவர் இந்நேரம் வேனில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி ஆளின் பையில்தான் எல்லாருடைய குளிர்ச்சட்டையும் இருக்கும், டார்ச்சும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் நீலச் சட்டை ஒன்று மிஞ்சியது, அவருடையது. திரும்பிப் போனவர் குளிர்ச்சட்டையை வாங்காமலா போவார் என்று தங்கை கேட்டுவிடுவாளோ என்று சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நான்காக மடித்து என் மெத்தைக்கு அடியில் வைத்தேன். அதன் மேல்தான் படுத்திருந்தேன்.

மறுநாள் மலையின் மறுபக்கத்தில் வேன்காரர் தனியாக வந்து இறங்கினார். தங்கை அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மற்றதெல்லாம் உங்கள் ஆட்களுக்குத் தெரியும். அவருடைய சைக்கிள் ஓடைக்குப் பக்கத்தில் ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்தது. அவர் உடலை எடுத்தது அங்கிருந்து தள்ளி, கீழே ஒரு பள்ளத்தில்.

காட்டுத் தீக் காவல் கோபுரத்தில் இருப்பவர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்களே, அதைக் கேட்ட பிறகுதான் என்னால் உட்கார முடியவில்லை. இருட்டுகிற வரைக்கும் ஒரு குரல் 'மச்சான், மச்சான்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம். உதவி கேட்கிற குரலாக இல்லையாம், யாரையோ தேடுகிற குரலாம். அதற்கப்புறம் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "திரும்பிப் போகிறேன் என்று சொன்ன மனிதர் உங்களை ஏன் தேட வேண்டும்?"

ஆரஞ்சுச் சட்டை ஆளை முந்தாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஓடையிலிருந்து மேலே வந்து பார்த்தபோது நான் இல்லை. மச்சான் என்னை விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மச்சானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கிறது. பாதை ஓரத்தில் ஒவ்வொரு சரிவாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். அவர் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், முட்செடியில் ஒரு பழைய தார்ப்பாய்க் கிழிசல் மாட்டியிருந்தது. ஆரஞ்சு நிறம். பனியில் பார்த்தால் நான் விழுந்து கிடப்பது மாதிரிதான் இருந்திருக்கும். மெல்லிய சட்டையோடு, வெறும் கையோடு, என்னைத் தூக்கத்தான் இறங்கியிருக்கிறார்.

தங்கை மாடியில்தான் இருக்கிறாள். உன் மேல் தப்பில்லை அண்ணா என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். நீங்களே மேலே போய் அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடலோரப் பேச்சை அவள் எடுப்பதில்லை. நேற்று தலையைக்கூட வாராமல் உட்கார்ந்திருந்தாள். நான் சீப்பை எடுத்து, சிக்கெடுத்து, சடை பின்னிவிட்டேன். கை மறக்கவில்லை, கோணல் இல்லாமல் வந்தது.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்களா? ஒன்றை மட்டும் அடித்துவிடுங்கள். ஒரு பயம் காட்டத்தான் நினைத்தேன் என்று சொன்னேன் அல்லவா, அந்த வரியை. நேற்று அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது, இவள் இனி எங்கும் போகமாட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.